பிளேஸ்டேஷன் ஹோம்: முதல்முறை உள்ளே போகிறவர்களுக்கு

(ஹோமை சோனி 2015 மார்ச்சில் மூடிவிட்டது. அது புதிதாகத் திறந்திருந்த காலத்து வழிகாட்டி இது; இதில் 'இப்போது' என்று வருவதெல்லாம் அந்தக் காலம்தான்.) சோனியின் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கேம் கருவியில் ஹோம் திறந்ததிலிருந்து நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே போய் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஏனென்றால் இது கேம் இல்லை. ஜெயிக்கவும் ஒன்றும் இல்லை, தோற்கவும் ஒன்றும் இல்லை, லெவல் கிடையாது, சுடுவதற்கு ஆள் கிடையாது. நம் சாயலில் ஒரு பொம்மையைச் செய்துகொண்டு, மற்றவர்களின் பொம்மைகள் உலாவும் ஒரு ஊருக்குள் நடக்கிறோம், அவ்வளவுதான். அந்த அவ்வளவு சிலருக்குப் போதும், பலருக்குப் போதாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும், காசும் செலவில்லை.

கொஞ்சம் முன்கதை. 2007 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் சோனியின் ஃபில் ஹாரிசன் இதை மேடையில் காட்டினார். அந்த வருடமே வரும் என்றார்கள், அப்புறம் 2008-க்குத் தள்ளினார்கள், கடைசியில் 2008 டிசம்பர் 11 அன்று எல்லோருக்குமான பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாகத் திறந்தது. அன்று மேடையில் காட்டியதில் நீங்கள் கேம்களில் வென்ற கோப்பைகளை அடுக்கிவைக்க ஒரு கூடம் இருந்தது, சொந்தப் படங்களையும் வீடியோக்களையும் வீட்டுச் சுவரில் ஓடவிட்டு நண்பர்களுக்குக் காட்டலாம் என்றும் இருந்தது. இப்போது போனால் இரண்டும் இல்லை. அந்தப் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிறவர்கள் முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. போவதற்கு முன்

பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு வேண்டும். இலவசம்தான். ஏற்கெனவே ஆன்லைனில் கேம் ஆடுகிறவர் என்றால் அதே கணக்கு போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஐடியைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். வைத்த பெயரைப் பிறகு மாற்ற முடியாது (அதற்கு வழி வந்தது 2019-ல்தான்). ஹோமில் அந்தப் பெயர்தான் உங்கள் தலைக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மிதக்கும். முழுப்பெயர், பிறந்த வருடம், ஊர்ப்பெயர் எல்லாம் அதில் வேண்டாம்.

எந்த நாட்டுக் கணக்கு என்பதும் முக்கியம். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆசியா என்று ஹோம் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்கக் கணக்கில் போகிறவரும் ஐரோப்பியக் கணக்கில் போகிறவரும் உள்ளே சந்திக்க முடியாது. லண்டனில் ஒருவர், நியூஜெர்சியில் ஒருவர் என்று இருக்கிற நம் ஆட்களுக்கு இது பெரிய தொல்லை, ஆனால் இப்போதைக்கு அப்படித்தான். நான் போவது அமெரிக்க ஹோம், அதனால் கீழே வரும் பெயர்கள் அங்கே உள்ளவை.

அடுத்தது ஹார்டு டிஸ்க். ஹோம் சுமார் 3 ஜிபி இடத்தை ஒதுக்கிக்கொள்ளும். 80 ஜிபி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, 40 ஜிபி வைத்துக்கொண்டு டெமோக்களை (கேம்களின் மாதிரிப் பதிப்புகளை) சேர்த்துவைத்திருப்பவர்கள் முதலில் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிள் போடுங்கள். பழைய யுஎஸ்பி கீபோர்டு ஒன்று எங்காவது கிடந்தால் அதையும் எடுத்து பிஎஸ்3-ல் செருகுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

2. நிறுவுவது

முகப்பு மெனுவில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ஹோம் ஐகான் இருக்கும். கன்ட்ரோலரில் எக்ஸ் பட்டனை அழுத்துங்கள், பதிவிறங்கட்டும், ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள், இடம் ஒதுக்கச் சரி என்று சொல்லுங்கள். இதில் விளக்க ஒன்றுமில்லை.

3. பொம்மை செய்வது

முதலில் தயார் நிலையில் சில அவதார்கள் (இந்தப் பொம்மைகளுக்கு அதுதான் பெயர்) வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாற்றத் தொடங்கலாம். தோல் நிறம், தாடை, மூக்கு, கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, உடம்பின் பருமன் என்று எல்லாவற்றுக்கும் அளவு கூட்டிக் குறைக்க வழி உண்டு. நின்டெண்டோவின் வீ கருவியில் உள்ள மீ பொம்மைகளும், 2008 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த அவதார்களும் கார்ட்டூன் மாதிரி இருக்கும், ஹோமில் நிஜ மனிதர் மாதிரி செய்யப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கார்ட்டூன் பொம்மை சிரித்தால் நமக்கும் சிரிப்பு வருகிறது, இந்தப் பொம்மைகள் சிரித்தால் கடைக்கண்ணாடிக்குள் நிற்கும் துணிக்கடைப் பொம்மை திரும்பிப் பார்த்தது போல லேசாகத் திக்கென்கிறது.

இதில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். உங்கள் அவதாரைப் பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்துதான் பார்க்கப்போகிறீர்கள். முகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆரம்பத்தில் கிடைக்கும் உடைகள் கொஞ்சம்தான், அதனால் வெளியே போனால் உங்கள் சட்டையையே போட்டவர்கள் அங்கங்கே நிற்பார்கள்.

பெண் அவதார் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உள்ளே போன சில நிமிடங்களில் ஆண் பொம்மைகள் சூழ்ந்துகொண்டு நடனம் ஆடத் தொடங்கும், விலகி நடந்தால் பின்னாலேயே வரும். ஹோமைப் பற்றி வருகிற கேலிகளில் பாதி இதைப் பற்றித்தான், கேலியில் மிகை ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

4. உங்கள் வீடு

கண் திறப்பது ஹார்பர் ஸ்டுடியோ என்ற வீட்டில். படகுத்துறையைப் பார்த்த பெரிய ஜன்னல், வெளியே தண்ணீர், நல்ல வெளிச்சம். முதல் பார்வைக்கு அழகுதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடது ஸ்டிக் நடக்க, வலது ஸ்டிக் பார்வையைத் திருப்ப. நாற்காலிக்கு அருகில் போய் எக்ஸ் அழுத்தினால் உட்காரலாம். கொடுத்திருக்கும் சில சாமான்களை இழுத்து இடம் மாற்றலாம். இங்கே நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், வேறு யாரும் நீங்கள் அழைக்காமல் வர முடியாது, அதனால் நடை பழக, திரும்பப் பழக, சைகைகளைப் போட்டுப் பார்க்க இதுதான் சரியான இடம்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெனு பேட் வரும். சோனியின் கையடக்கக் கேம் கருவியான பிஎஸ்பி-யின் திரை மாதிரி இருக்கும். துணி அலமாரி, சாமான்கள், நண்பர்கள் பட்டியல், ஊர் வரைபடம், எல்லாம் இதற்குள்தான். வழி தெரியாமல் எங்கே மாட்டிக்கொண்டாலும் ஸ்டார்ட் அழுத்துங்கள்.

5. வெளியே கிளம்புவது

வரைபடத்தில் சென்ட்ரல் பிளாசாவைத் தேர்ந்தெடுங்கள். (ஐரோப்பியக் கணக்கில் இதற்கு ஹோம் ஸ்கொயர் என்று பெயர்.) உடனே போய்விட முடியாது, ஒவ்வோர் இடத்தையும் முதல்முறை போகும்போது தனியாக இறக்க வேண்டும். பிளாசாவுக்கு ஒரு காத்திருப்பு, பௌலிங்குக்கு ஒரு காத்திருப்பு, தியேட்டருக்கு இன்னொன்று. அடுத்தடுத்த முறை போகும்போது இவ்வளவு நேரம் ஆகாது. அதனால் முதல் நாள் ஊரைச் சுற்றிப் பார்க்கிற நாள் என்று நினைக்காமல் இறக்கிவைக்கிற நாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் காபியோ புத்தகமோ இருக்கட்டும்.

நண்பரோடு போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிளாசா ஒன்றே ஒன்று இல்லை, கூட்டம் நிறைய நிறைய அதே பிளாசாவின் பிரதிகள் திறந்துகொண்டே போகும். இரண்டு பேரும் பிளாசாவில் நிற்பீர்கள், ஆனால் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிய மாட்டீர்கள். வரைபடத்தில் தனித்தனியாகப் போகாமல், நண்பர்கள் பட்டியலில் அவர் பெயரைப் பிடித்து அவர் இருக்கும் இடத்துக்கே போங்கள்.

6. பேசுவது

கீபோர்டு விஷயம் இங்கேதான் வருகிறது. கன்ட்ரோலரால் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து முடிப்பதற்குள் நீங்கள் பதில் சொல்ல நினைத்த ஆள் நடந்து போயிருப்பார். ஆயத்த வாக்கியங்கள் சில இருக்கின்றன, வணக்கம், நன்றி அளவுக்கு உதவும், அதற்கு மேல் போகாது. கீபோர்டு இருப்பவர்கள் பேசுகிறார்கள், இல்லாதவர்கள் நடனம் ஆடுகிறார்கள். பிளாசாவில் ஏன் இவ்வளவு பேர் சும்மா ஆடிக்கொண்டே நிற்கிறார்கள் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். சைகைப் பட்டியலில் நடனங்கள் நிறைய இருக்கின்றன, பட்டனைத் தட்டினால் போதும், ரன்னிங் மேன் நடனத்தை யாராவது ஒருவர் எப்போதும் ஆடிக்கொண்டிருப்பார்.

தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்க வேண்டியதுதான். கெட்ட வார்த்தை வடிகட்டி ஒன்று உண்டு, நம் மொழியின் அப்பாவிச் சொல் ஏதாவது அதன் கண்ணுக்குத் தப்பாகப் பட்டு நட்சத்திரக் குறிகளாக மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தொல்லை கொடுப்பவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவர் பேச்சை மறைக்கலாம், தடுக்கலாம், புகார் செய்யலாம். முதல் இரண்டையும் யோசிக்காமல் செய்யுங்கள். அவரோடு வாதம் செய்தால் அது அவருக்குப் பொழுதுபோக்கு. ஹோமுக்குள் வர குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் கூட்டத்தில் எல்லா வயதினரும் கலந்து நிற்பார்கள், பேச்சும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள் என்றால் அவர்களுக்குத் துணைக் கணக்கு போட்டு, அரட்டைக்கு உள்ள கட்டுப்பாட்டை நீங்களே பார்த்து வைத்துவிடுங்கள்.

ஆள் தெரியாமல் தனியாக பிளாசாவில் நிற்பது, எந்த ஊரிலும் யாராலும் எளிதாகச் செய்ய முடிகிற காரியமில்லை. எல்லோரும் சின்னச் சின்னக் குழுவாக நிற்பார்கள், நடுவில் போய் என்ன சொல்வது? அங்கே செஸ் மேஜைகள் இருக்கின்றன, ஆள் இல்லாத மேஜையில் போய் உட்காருங்கள். எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

7. பௌலிங் அரங்கம்

எனக்கு ஹோமில் பிடித்த இடம் இதுதான், எல்லோரும் திட்டுகிற இடமும் இதுதான். பௌலிங் லேன்கள், பூல் மேஜைகள், ஓரமாகச் சின்ன ஆர்கேட் இயந்திரங்கள். எக்கோகுரோம் என்ற புதிர் கேம் கூட ஓர் இயந்திரத்தில் இருக்கிறது. எல்லாமே எண்ணிக்கையில் குறைவு. ஒருவர் ஓர் இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தால் மற்றவர் ஆட முடியாது, பின்னால் காத்து நிற்க வேண்டும். கணினி உலகத்தில், எத்தனை மேஜை வேண்டுமானாலும் பிரதி எடுத்துவிட முடிகிற இடத்தில், இல்லாத பூல் மேஜைக்காக நிஜ மனிதர்கள் நின்று காத்திருக்கிறார்கள். படித்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

ஆனால் போய் நின்று பாருங்கள். பிளாசாவில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, இங்கே பேசுகிறார்கள். ஆடுகிறவன் தப்பாக அடித்தால் நிற்கிறவன் சொல்கிறான், அடுத்து யார் என்று கேட்கிறார்கள், யாராவது முறை தவறிப் புகுந்தால் எல்லோருமாகச் சேர்ந்து சண்டைக்குப் போகிறார்கள், அந்தச் சண்டையிலேயே நாலு பேர் நண்பர்களாகிவிடுகிறார்கள். காத்திருப்பதற்கு ஒரு காரணம் இருந்தால் அந்நியர்கள் பேசிவிடுவார்கள், காரணமே இல்லாமல் ஒரு மைதானத்தில் விட்டால் நடனம்தான் ஆடுவார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா தற்செயலா என்று தெரியவில்லை, ஆனால் இந்த வரிசையை எடுத்துவிட்டால் ஹோமில் பேச்சுச் சத்தம் குறைந்துவிடும் என்பது என் அபிப்ராயம்.

ஆகவே முதல் நாள் எதையாவது ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால் பிளாசாவை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். பூல் மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். லேனைவிட பூல் ஆட்டத்துக்கு நேரம் பிடிக்கும், அதனால் பேச்சும் நீளும்.

8. கடைகள், மற்ற இடங்கள்

ஷாப்பிங் மாலில் நிஜக் காசுக்கு நிழல் சட்டை கிடைக்கும். டீசல் நிறுவனத்தின் உடைகள் இருக்கின்றன, சாமான்கள் இருக்கின்றன, தனித்தனியாகப் பார்த்தால் ஒரு டாலருக்கும் குறைவுதான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். சம்மர் ஹவுஸ் என்ற இரண்டாவது வீடு 4.99 டாலர். செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் பழகியவர்கள் தாங்களே ஒன்றைச் செய்து விற்கலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான், இங்கே செய்வதும் விற்பதும் நிறுவனங்கள் மட்டுமே, நமக்கு வாங்குகிற வேலை. முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள். அதற்குப் பிறகும் உள்ளே போகிறீர்கள் என்றால் வாங்குங்கள்.

தியேட்டரில் டிரெய்லர்கள் ஓடும், ஒருமுறை பார்த்தால் போதும். ஃபார் க்ரை 2, அன்சார்டட் என்ற இரண்டு கேம்களுக்கும் தனி இடங்கள் இருக்கின்றன. அன்சார்டட் ஆடியவர்கள் அந்த இடத்துக்குக் கட்டாயம் போங்கள், கதாநாயகனின் கூட்டாளி சல்லியின் மதுக்கடை என்று ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள், உள்ளே ஆடுவதற்கு ஒரு குட்டி கேமும் உண்டு. ஆடாதவர்களுக்கு அது வெறும் கடை.

9. இங்கிருந்து ஒரு கேமுக்குள் போவது

ஹோம் எதற்காக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். எல்லா கேமும் இதற்கு ஒத்துழைக்காது, ஒத்துழைப்பவற்றில் வார்ஹாக் என்ற போர் கேம் ஒன்று. நீங்களும் நண்பர்களும் ஆளுக்கொரு வார்ஹாக் வைத்திருக்க வேண்டும், டிஸ்க் என்றால் உள்ளே போட்டு வையுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடுங்கள், உங்கள் வீடாக இருந்தால் இடைஞ்சல் இல்லை. ஒருவர் மெனு பேடைத் திறந்து கேம் தொடங்கும் பகுதிக்குப் போய், கேமின் எந்தக் களம், எத்தனை பேர் என்று அமைத்து அறிவிக்க வேண்டும், மற்றவர்கள் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். அவர் தொடங்கியதும் எல்லோர் திரையிலும் ஹோம் மூடிக்கொண்டு வார்ஹாக் திறக்கும். கேமின் காத்திருப்பு அறையான லாபியில் ஒருவரையொருவர் தேடி, அழைப்பு அனுப்பி, அது வரவில்லை என்று மறுபடி அனுப்பி அல்லாடுகிற வேலை மிச்சம். வார்ஹாக்கில் ஒரே ஆட்டத்தில் 32 பேர் வரை ஆடலாம், ஆனால் முதல் தடவை மூன்று நான்கு பேரோடு முயன்று பாருங்கள். யாரோ ஒருவர் டிஸ்க்கைப் போட மறந்திருப்பார், அவருக்காக மற்றவர்கள் உங்கள் வரவேற்பறையில் ரன்னிங் மேன் ஆடிக்கொண்டிருப்பார்கள்.