படகின் பழைய அடிப் பெயின்டை எடுக்கும்போது செய்யக்கூடாதவை

கையுறை, கண்ணாடி பற்றி யாரும் சொல்லிவிடுவார்கள். ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகை முதல்முறை கரையேற்றி, அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பழைய ஆன்டிஃபவுலிங் பெயின்டை எடுக்க இறங்குபவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

ஆங்கிள் கிரைண்டர்

எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் சொரசொரப்பான 36-ஆம் நம்பர் டிஸ்க்கை மாட்டிக்கொண்டு படகுக்கு அடியில் குனிந்துவிடுகிறார். பார்க்கவே வயிறு எரிகிறது. சூட்டில் பெயின்ட் இளகி டிஸ்க்கை அடைக்கும். அடைத்ததும் கை தானாக அழுத்தும், டிஸ்க் சாயும், விளிம்பு பிறை வடிவில் பள்ளம் பறிக்கும். அடியில் வெள்ளை தெரிந்தால் 'இன்னொரு பிரைமர்' என்று நினைத்து மறுபடி ஓட்டுவார். அது பிரைமர் இல்லை, ஃபைபர் கிளாஸை மூடியிருக்கும் வெளிப்பூச்சான ஜெல்கோட். அதன் கனமே அரை மில்லிமீட்டர்தான். அடுத்த ஓட்டத்தில் கண்ணாடி இழையின் பின்னல் தெரியும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் ஈரம் உள்ளே ஏறி, நாளடைவில் கொப்புளம் கிளம்பும். சரிசெய்ய எபாக்ஸி ஃபில்லர் அடைத்து, உப்புத்தாள் ஒட்டிய நீளப் பலகையால் தேய்த்துச் சமன் செய்து, மேலே ஈரம் புகாமல் தடுக்கும் எபாக்ஸி பேரியரை ஐந்தாறு கோட் கட்ட வேண்டும். இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப்போய் சீசனே கைவிட்டுப் போகும்.

முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் கையால் தேயுங்கள். நடுவில் ஆழமாக, ஓரத்தில் லேசாக. சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு கோட்டும் மர வளையம்போல் தெரியும். எந்த நிறத்துக்குப் பிறகு ஜெல்கோட் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடையில் எபாக்ஸி பேரியர் பிடிப்போடு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பிறகு 50 மில்லிமீட்டர் கார்பைடு சுரண்டி. அதன் இரு மூலைகளையும் முதலில் உரசி மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே கீறும். படகோடு படியவைத்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கனமான அடுக்கெல்லாம் இதிலேயே உதிரும். மிச்சத்துக்கு 150 மில்லிமீட்டர் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், அதே 80. தட்டையாக வையுங்கள், அழுத்தாதீர்கள். தாள் அடைத்தால் மாற்றுங்கள்.

கிடைத்த பெயின்ட் ரிமூவர்

மெத்திலீன் குளோரைடு கலந்தது ஜெல்கோட்டையும் இளக்கும். ஃபைபர் கிளாஸுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். கனமாகத் தடவி பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். காய்ந்துபோனால் வேலை செய்யாது. எடுத்தபின் நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட் ஒட்டாது.

ஹீட் கன்

வேண்டவே வேண்டாம்.

துணி மாஸ்க்

அந்தத் தூசியில் இருப்பது பெரும்பாலும் தாமிரச் சேர்மம். மிகப் பழைய படகில், 2008 முதல் உலக அளவில் தடையிலுள்ள டின் கலந்த பெயின்டும் அடியில் இருக்கலாம். சாண்டரோடு வேக்குவம், முகத்தில் நுண்தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டர் மாஸ்க், தரையில் தார்ப்பாய். மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

டெப்த் சவுண்டர் முகப்பு

படகின் அடியில் தெரியும், நீரின் ஆழம் அளக்கும் கருவியின் முகப்பு இது. சாண்டரும் ரிமூவரும் படக்கூடாது. கையால் மட்டும்.

தாங்கு முட்டுகளை நகர்த்துவது

கரையில் படகைத் தாங்கி நிற்கும் முட்டின் பட்டைக்கு அடியில் மறைந்த பெயின்டுக்காக அந்த முட்டுகளைத் தளர்த்தாதீர்கள். படகு யார்டு ஆட்களை அழையுங்கள். பக்கத்தில் இன்னொரு முட்டு கொடுத்து, சங்கிலி பூட்டிய பிறகே பழையதை எடுப்பார்கள்.