ஜெலற்றின் கட்டியில் சன்னம் சுட்டுப் பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

கைத்துப்பாக்கி ரவை எவ்வளவு ஆழம் போகிறது, எப்படி விரிகிறது என்று அறிய, தசைக்குப் பதிலாக ஜெலற்றின் கட்டியில் சுட்டுப் பார்க்கப் பழகும் பெடியளுக்குப் பக்கத்தில் போன கிழமை வவுனியாவில் நின்றேன். நான் தொடக்கத்தில் விட்ட பிழைகள்தான், வரிசைகூட மாறவில்லை. காதுக்கவசம், சுடுதளக் கட்டுப்பாடு எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன்.

கட்டியைச் சோதிக்காமல் சுடுவது

இதை நினைத்தால் இப்பவும் எரிச்சல் வரும். பத்து வீத ஜெலற்றின், 4 பாகை செல்சியஸ் குளிர், சரி. ஆனால் சன்னம் சுட முதல், 4.5 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு ஒன்றைக் காற்றுத்துப்பாக்கியால் செக்கனுக்கு ஏறத்தாழ 180 மீற்றர் வேகத்தில் அந்தக் கட்டிக்குள் அடித்துப் பார்க்க வேண்டும். அது 8.5 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும், ஒன்று கூடலாம் குறையலாம்.

ஒரு சித்திரை மாதம், இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. விடியக் குளிர்ப்பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தது, ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். சன்னங்கள் 22 அங்குலம் வரை போயின. 1986 இல் மயாமியில் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் எஃப்பிஐ வைத்த ஊடுருவல் அளவு 12 முதல் 18 அங்குலம், அதனால் அளவுக்கு மீறி ஊடுருவும் ரவை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். மிஞ்சிய கட்டியில் பின்னேரம் உருக்குக் குண்டை அடித்தால் 11 சென்ரிமீற்றர். ரவையில் ஒரு பிழையும் இல்லை, கட்டிதான் இளகியிருந்தது. ஒவ்வொரு ரவைக்கும் கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு பெட்டி ரவை வீண், அறிக்கையையும் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று.

போன கிழமையும் ஒரு தம்பி கட்டியில் உள்ளங்கையை வைத்து, "குளிருதுதானே அண்ணை" என்றான். மேற்பக்கம்தான் குளிரும் தம்பி, உள்ளே என்ன என்று கைக்குத் தெரியாது. எங்கள் வெயிலில் குளிர்ப்பெட்டியை விட்டு எடுத்து இருபது நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

கொதிநீரில் கரைப்பது

வேண்டாம். 40 பாகைக்கு மேல் போனால் ஜெலற்றின் வலுவிழக்கும்.

ஒரு வெடியோடு முடிவெடுப்பது

குறைந்தது ஐந்து வெடி வேண்டும்.

துணி போடாமல் சுடுவது

குழிமுனைச் சன்னம் என்றால் முனையில் குழி உள்ளது, பட்டதும் விரியும்; அந்தக் குழியின் வாயை உடுப்புத் துணி அடைத்தால் அது விரியாமல் ஆழமாகப் போய்விடும். வெறும் கட்டியில் அழகாக விரிந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு சந்தோசப்படாதீர்கள்.

கட்டியை உடம்பு என்று நினைப்பது

ஜெலற்றினில் எலும்பில்லை. ரவையை ரவையோடு ஒப்பிடத்தான் அது. என் சித்தியின் தோளில் புகுந்த எறிகணைத் துண்டு எலும்பில் பட்டுத் திரும்பி, இன்றைக்கும் முழங்கைக்கு மேலே தடவினால் கையில் தட்டுப்படும். அந்தப் பாதையை எந்தக் கட்டியிலும் நான் கண்டதில்லை.