முப்பது நாள் முடியப்போகுது: வன்னியில் நிற்கிற வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வேக் கடவுச்சீட்டோடு கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்து நிற்பவர்களில் பெரும்பாலானோரின் கையில் இருப்பது ஈ.டி.ஏ. எனப்படும் 30 நாள் சுற்றுலா அனுமதிதான். அந்தியேட்டிக்கு என்று வந்தவருக்குக் காணி உறுதி வேலை வந்து சேரும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தவர் மடுத் திருவிழாவையும் பார்த்துவிட்டுப் போவோம் என்பார். அப்போது ஊரில் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: "பலாலியால ஒருக்கா சென்னைக்குப் போட்டு வாங்கோ, புதுசா முப்பது நாள் கிடைக்கும்." யோசனை பிழையில்லை, ஆனால் அரைவாசிதான். அதே ஈ.டி.ஏ.யோடு போய்த் திரும்பினால் ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இந்திய விசா இல்லாமல் பலாலி விமான நிலையத்துக்குப் போனால் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். பலருக்குப் போகவேண்டிய தேவையே இருப்பதில்லை.

முதலில் நாளை எண்ணுங்கள்

வந்த அன்று குடிவரவு அதிகாரி குத்திய முத்திரையைப் பாருங்கள். அதில் உள்ள திகதிதான் கணக்கு. ஈ.டி.ஏ. அச்சுத்தாளில் இருக்கும் திகதியையோ ரிக்கெற்றில் இருக்கும் திகதியையோ வைத்து எண்ணவேண்டாம். வந்திறங்கிய நாளையே முதல் நாளாக எடுப்பதுதான் பாதுகாப்பு. ஜூலை 5 வந்தவருக்கு 30ஆவது நாள் ஓகஸ்ட் 3. நீடிப்பு எடுத்து 90 நாள் நிற்பவருக்கு அது ஒக்டோபர் 2. "மூன்று மாதம்தானே" என்று ஒக்டோபர் 5க்கு ரிக்கெற் போட்டால் மூன்று நாள் பிந்திவிடும். இரண்டு மாதங்களுக்கு 31 நாள் இருப்பதையும் வந்த நாளையும் சேர்க்காமல் விடுவதால் வருகிற பிழை இது. 180 நாள் என்றால் டிசெம்பர் 31.

நடுச்சாம விமானங்கள் இன்னொரு பொறி. கட்டுநாயக்காவில் இருந்து அதிகாலை 12.50க்குப் புறப்படும் விமானத்துக்கு முதல் நாள் இரவு பத்தரைக்கே குடியகல்வு மேசையைக் கடந்துவிடலாம், முத்திரையும் முதல் நாளுக்கே விழும். மூன்று மணி விமானத்துக்கு 12 மணிக்குப் பிறகுதான் மேசைக்குப் போவீர்கள், அது அடுத்த நாள் கணக்கு. கடைசி நாளில் புறப்படுகிறவர்கள் இதைப் பார்த்தே ரிக்கெற் போடவேண்டும்.

போகாமலே நீடிப்பது

பெரும்பாலானோருக்கு எங்கள் பதில் இதுதான். சுற்றுலா அனுமதியை நாட்டுக்குள் நின்றபடியே நீடிக்கலாம்: முதலில் வந்த நாளில் இருந்து 90 நாள் வரை, பிறகு 180 நாள் வரை. சென்னைக்குப் போய்வருகிற ரிக்கெற், இந்திய விசா, இரண்டு இரவு விடுதி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நீடிப்புக் கட்டணம் குறைவாகவே வரும். தொகை கடவுச்சீட்டின் நாட்டைப் பொறுத்து மாறும், ஆகவே அயல் வீட்டுக்காரர் கட்டினதை வைத்துக் கணக்குப் போடவேண்டாம்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கம், வருகை முத்திரை விழுந்த பக்கம், முகப்படம், திரும்பிப் போகும் ரிக்கெற் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி ஓடும். அது முழுதாகவும் தெளிவாகவும் விழவேண்டும். மேசையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். பிளாஷ் போட்டால் பளபளப்புத் தாளில் வெள்ளைப் புள்ளி விழுந்து ஒரு எழுத்து மறைந்துவிடும். போனில் எடுத்த படம் பெரிதாக இருந்து ஏறாவிட்டால் சின்னதாக்கலாம், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பித் திருப்பி எடுக்கிற வழக்கத்தால் அந்த இரண்டு வரியும் மங்கிப்போகும்.

வன்னியில் கூடுதலாகத் தடைப்படுவது காசு கட்டுகிற இடத்தில். வெளிநாட்டு வங்கி அட்டை ஓ.டி.பி. இலக்கத்தை உங்கள் வெளிநாட்டுச் சிம்முக்கு அனுப்பும். அந்தச் சிம் பெட்டிக்குள் கிடக்கும், அல்லது ரோமிங் இல்லாமல் இருக்கும். ஐந்து நிமிடத்தில் நேரம் முடிந்து கட்டணம் விழாமல் போகும். வங்கிச் செயலி வழியாக உறுதிசெய்கிற அட்டை இருந்தால் வைஃபையிலேயே முடிந்துவிடும், அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்தச் சிம்மை இன்னொரு போனில் போட்டு ரோமிங்கைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாம் முறை கட்டுவதற்கு முன் முதல் முறை காசு போய்விட்டதா என்று வங்கிக் கணக்கைப் பார்க்கவும் வேண்டும்.

இணையத்தில் சரிவராதவர்கள் பத்தரமுல்லையில் உள்ள தலைமையகமான சுகுறுபாயவுக்கு நேரே போகவேண்டும். ஏ9 வீதியால் இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. கோட்டையில் இருந்து 170, 190 இலக்க பஸ்கள் பத்தரமுல்லையால் போகும். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் அலுவலகம் பூட்டு. போயா மாதா மாதம் வரும் என்பதை மறந்து இரவிரவாகப் பயணம் செய்து பூட்டிய கதவைப் பார்க்கவேண்டாம். திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவிலும் இருக்கிறது. சனம் அங்கே கூடுதலாகப் போவது கடவுச்சீட்டு வேலைக்கு. விசா நீடிப்புக்கென்று புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

30 நாள் முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்னராவது விண்ணப்பம் போய்விடவேண்டும். முன்கூட்டிப் போட்டால் நாள் வீணாகும் என்ற பயம் தேவையில்லை, நீடிப்பு எண்ணப்படுவது வந்த நாளில் இருந்து. பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் போடவேண்டும். தாய் தகப்பனின் நீடிப்பில் பிள்ளை அடங்காது.

போய் வருவதென்றால்

180 நாளும் முடிந்தவர்கள், அல்லது இந்தியாவில் வேறு வேலை உள்ளவர்கள் போய்வரலாம். மருத்துவமனை, கலியாணப் புடவை, கோயில் என்று எப்படியும் போகவேண்டியிருந்தால் அதோடு இதையும் சேர்த்துக்கொள்வது புத்தி.

ஊர் யோசனையில் விடுபட்ட மற்ற அரைவாசி இங்கேதான் வருகிறது. 30 நாள் சுற்றுலா ஈ.டி.ஏ. இரண்டு முறை உள்ளே வர இடம் தரும். இரண்டாம் வருகை, முதல் வருகையில் தொடங்கிய அந்த 30 நாளுக்குள்ளேயே அடங்கும். ஜூலை 5 வந்து, 25ஆம் திகதி திருச்சிக்குப் போய், 29ஆம் திகதி திரும்பினாலும் கடைசி நாள் ஓகஸ்ட் 3தான். புதிதாக 30 நாள் வேண்டுமென்றால் புது ஈ.டி.ஏ. வேண்டும். ஈ.டி.ஏ. என்பது நாட்டுக்கு வருவதற்கு முன் எடுப்பது, ஆகவே உள்ளே நின்றுகொண்டு போட முயலாமல் வெளியேறிய பின் போடுங்கள். பதில் விரைவாக வருவதுதான் வழக்கம் என்றாலும் இரண்டு முழு வேலைநாள் கைவசம் இருக்கட்டும். வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு திரும்புகிற திட்டம் இதனால்தான் குழம்பும். நீடிப்பில் மிச்சமிருக்கும் நாட்கள் திரும்பி வரும்போது தானாகக் கிடைக்கும் என்றும் நம்பிப் போகவேண்டாம்.

ஈ.டி.ஏ.யை அரச தளத்திலேயே எடுங்கள். அதன் முகவரி 'கவ் டொட் எல்கே' என்று முடியும். தேடினால் மேலே வருகிற விளம்பரத் தளங்கள் அதே படிவத்தை வைத்துக் கூடுதல் காசு வாங்குகின்றன. 2024 ஏப்ரலில் இந்த வேலை தனியார் நிறுவனம் ஒன்றுக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குப் பிறகு அந்த ஆண்டு செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.டி.ஏ. முறை திரும்பியது. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட ஆலோசனைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. திகதியைப் பார்த்து வாசியுங்கள்.

படிவத்தில் எங்கள் ஆட்களுக்குப் பிழைக்கிற இடம் பெயர். தகப்பன் பெயர் ஒரு நாட்டுக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக நிற்கும், இன்னொரு நாட்டில் சொந்தப் பெயரே அந்த இடத்தில் நிற்கும். ஊரில் எழுதுகிற முறையை விட்டுவிட்டு, கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அடுத்தது கடவுச்சீட்டு இலக்கம்: ஓ எழுத்தும் பூச்சியமும் மாறினால் அந்த ஈ.டி.ஏ. வேறு யாருடையதோ போலாகிவிடும். இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் பழைய இலக்கத்தில் எடுத்ததைக் காட்டி வரமுடியாது. ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா, வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்பதையும் புறப்படும் முன் பாருங்கள்.

எந்தப் பக்கத்தால் போவது

பலாலியில் இருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் உண்டு. கிளிநொச்சியில் இருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் கட்டுநாயக்காப் பயணம் மிச்சம். சின்ன விமானம், பொதி அளவு இறுக்கம். மாரி மழைக் காலத்தில் பிந்துவதும் ரத்தாவதும் உண்டு. ஆகவே 30ஆவது நாளில் போகாமல் மூன்று நான்கு நாள் முன்னதாகவே போங்கள். விமானம் ரத்தானது உங்கள் பிழை இல்லைத்தான், ஆனாலும் முத்திரையில் உள்ள நாள் நகராது.

காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் குழம்பும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். விசாக் கணக்குக்கு அதை நம்பவேண்டாம். அதோடு இந்திய இ-விசா குறித்த சில விமான நிலையங்களாலும் துறைமுகங்களாலும் மட்டுமே உள்ளே விடும். நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே ரிக்கெற் எடுங்கள். சென்னை, திருச்சி விமான நிலையங்கள் இருக்கின்றன. தலைமன்னார்க் கப்பலைப் பற்றி இன்னும் கேட்கிற பெரியவர்கள் உண்டு. அது 1980களில் நின்றது.

இந்தியாவுக்கு மேற்கு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் எல்லாருக்கும் விசா வேண்டும். இ-விசாவைப் புறப்படுவதற்கு நான்கு நாளுக்கு முன்னராவது போடவேண்டும். கனடாக்காரருக்கு ஒரு சொல்: 2023 செப்டெம்பரில் இந்தியா கனடாவுக்கு விசாவையே நிறுத்தியது, பிறகு படிப்படியாகத் திறந்தது. ஆகவே உங்கள் கடவுச்சீட்டுக்கு எந்த வகை திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். "விமான நிலையத்துக்கு வெளியே வராமல் அடுத்த பிளைட்டில் திரும்பினால் விசா தேவையில்லை" என்று சொல்லுவார்கள். தனித்தனி ரிக்கெற் என்றால் விமான நிறுவனம் அதை ஏற்காது.

இந்திய விசா கிடைக்காதவர்கள் கட்டுநாயக்காவால் கோலாலம்பூருக்கோ மாலைதீவுக்கோ போவது வழக்கம். பிரித்தானியா, கனடா, பெரும்பாலான ஐரோப்பிய நாட்டுக்காரருக்கு மலேசியாவில் விசா தேவையில்லை, ஆனால் வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணைய வருகை அட்டை நிரப்பவேண்டும். மாலைதீவில் இறங்கும்போதே 30 நாள் விசா தருவார்கள், விடுதி முன்பதிவு காட்டவேண்டும். வடக்கில் இருந்து புத்தளம், நீர்கொழும்பால் போகிற கொழும்பு பஸ்ஸில் ஏறினால் கொழும்புவரை போகாமல் கட்டுநாயக்காவிலேயே இறங்கலாம். ஏறும்போதே நடத்துநரிடம் எந்தப் பாதை என்று கேளுங்கள், குருநாகலால் போகிற பஸ்ஸும் உண்டு.

திரும்பி வரும் மேசையில்

முதல் கேள்வி அதிகாரியிடமிருந்து வராது, வெளிநாட்டு விமான நிலையத்தின் செக்-இன் மேசையில் வரும். புது ஈ.டி.ஏ., இலங்கையில் இருந்து வெளியே போகும் ரிக்கெற், இரண்டையும் அச்சடித்து வைத்திருங்கள். அந்த ரிக்கெற்றின் திகதி புது 30 நாளுக்குள் இருந்தால் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு என்றால் ஏற்ற மறுக்கலாம். திகதி மாற்றக்கூடிய ரிக்கெற் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

குடிவரவு மேசையில் எங்கே நிற்கிறீர்கள், ஏன் மறுபடி என்று கேட்பார்கள். "பரந்தனில் அக்கா வீட்டில், காணி வழக்கு" என்று உள்ளதைச் சொல்லுங்கள், விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கையில் வைத்திருங்கள். சுற்றுலா அனுமதியில் வேலை செய்ய முடியாது. பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் படிப்பிப்பது, நிறுவனம் ஒன்றின் திட்டத்தைப் பார்ப்பது எல்லாம் அதற்கென்று உள்ள விசாவோடு செய்யவேண்டியவை. ஈ.டி.ஏ. இருப்பதால் உள்ளே விட்டே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, முடிவு அதிகாரியின் கையில். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை போய்வந்தவரிடம் கேள்வி கூடும்.

முத்திரை விழுந்ததும் மேசையை விட்டு நகர முன் திகதியை வாசியுங்கள். பழைய ஈ.டி.ஏ.யோடு சேர்த்துப் பார்த்துக் குறைவான நாள் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே புதிய தாளைக் காட்டிக் கேட்கலாம். கிளிநொச்சிக்கு வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

நாள் ஏற்கெனவே பிந்திவிட்டதென்றால் விமான நிலையத்தில் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். பத்தரமுல்லைக்குப் போய்ப் பிந்திய நாளுக்கான விசாக் கட்டணத்தையும் தண்டத்தையும் கட்டிச் சரிசெய்யலாம். தண்டம் 500 டொலர் வரை போகும். போகும்போது கடவுச்சீட்டு, ரிக்கெற், பிந்தியதற்குக் காரணம் காட்டும் வைத்தியசாலைத் துண்டு போன்ற கடதாசிகளைக் கொண்டுபோங்கள்.

ஒவ்வொரு வருடமும் வந்து மாதக்கணக்கில் நிற்பவர்கள், இங்கே பிறந்து பிறநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தவர்கள் என்றால், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி யோசிக்கலாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைகளுக்கு அந்தத் தடையில் விலக்கு உண்டு என்பதால், விசாவுக்கென்று அலைகிறவர்களில் காணி வேலையாய் வந்தவர்களுக்கு இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும். இரட்டைப் பிரஜாவுரிமை கிடைக்கும்வரை பழைய இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போகவேண்டாம். பிறநாட்டுப் பிரஜையான பின் அதைப் பயன்படுத்துவது தனிச் சிக்கல்.