வீரிய ஒட்டு மக்காச்சோளம்: பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தனியாக நின்று நன்றாக விளையும் வழியெல்லாம் (வழி என்பது ஒரே மரபில் தொடர்ந்து வரும் செடி வரிசை) நல்ல பெற்றோராகிவிடாது. கலந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

முதலில் தூய வழிகள் வேண்டும். ஆறு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் மரபுக் கலப்பு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அவசரப்பட்டு மூன்றாம் தலைமுறையிலேயே நிறுத்தினால், இரு வழிகளைக் கலந்து எடுத்த ஒட்டு வயலில் செடிகள் ஒரே சீராக இருக்காது.

அடுத்து, வழிகளை ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே குழுவுக்குள் கலந்தால் வீரியம் பெரும்பாலும் குறைவுதான். 10 வழிகளை 3 சோதனைப் பெற்றோருடன் (எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவாக வைக்கும் பெற்றோர்) கலந்தால் 30 ஒட்டுகள். 10 வழிகளையும் தமக்குள் கலந்தால் 45. கையில் இருக்கும் நிலத்தைப் பார்த்து முடிவெடுங்கள். எல்லாக் கலப்பிலும் சராசரியாக உயர்ந்து நிற்பது பொது இணைவுத்திறன். குறிப்பிட்ட ஒரு ஜோடியில் மட்டும் மின்னுவது சிறப்பு இணைவுத்திறன். முதலாவதை வைத்து வடிகட்டி, இரண்டாவதை வைத்து ஜோடி சேருங்கள். ஓர் இடத்து, ஒரு பருவத்து விளைச்சலை நம்பவே வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது விதை உற்பத்தியில். பெண் வழி சாயாமல் நின்று நிறைய விதை தர வேண்டும். ஆண் வழி உயரமாக, பல நாள் மகரந்தம் உதிர்க்க வேண்டும். பெண் கதிரில் பட்டிழை வெளிவரும் நாளில் ஆண் பூ மகரந்தம் உதிர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். தவறினால் கதிரில் மணி பிடிக்காமல் பொக்கு விழும். ஆண் வழியை இரண்டு தவணையாக விதைத்தால் இந்த இடைவெளியை ஓரளவு சமாளிக்கலாம்.