கோராகு பகுதியைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் ஆண்டு வாசிப்பில் ‘கோராகு’ என்ற வாரப் பகுதி, மோசேக்கும் அவர் அண்ணன் ஆரோனுக்கும் எதிராக எழுந்த கலகத்தைச் சொல்வது; வேதாகமத்தின் எண்ணாகமம் 16 முதல் 18ஆம் அதிகாரம் வரை, மொத்தம் 95 வசனங்கள். முதல் குழப்பம் வசன எண்ணிலேயே வந்துவிடும். 16ஆம் அதிகாரத்துக்குத் தமிழ் வேதாகமத்தில் 50 வசனங்கள், எபிரேயப் பிரதியில் 35தான். தமிழில் 16:36 என்பது அங்கே 17:1. ஆரோனின் கோல் துளிர்ப்பது தமிழில் 17:8, எபிரேயத்தில் 17:23. யூத உரையைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் 17ஆம் அதிகாரம் முழுக்கத் தமிழ் எண்ணோடு 15ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே கலகமாகப் படிப்பது. இங்கே இரண்டு பிணக்குகள் பின்னிக் கிடக்கின்றன. லேவியனான கோராகும் 250 தலைவர்களும் கேட்பது ஆசாரியத்துவம், அதாவது ஆரோன் குடும்பத்துக்கே உரிய குருப்பணி. ரூபன் கோத்திரத்துத் தாத்தானும் அபிராமும் ஆசாரியத்துவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மோசேயின் தலைமையும், கைக்கு வராத நிலமும்தான் அவர்கள் குறை (16:12-14). இரண்டு நிறப் பென்சில் எடுத்து, 16:3-11, 16-19, 35 வசனங்களை ஒரு நிறத்திலும், 12-15, 25-34 வசனங்களை மற்றொன்றிலும் கோடிட்டுப் பாருங்கள். தூபம் காட்டிய 250 பேரை எரித்தது நெருப்பு. தாத்தானையும் அபிராமையும் கூடாரத்தோடு விழுங்கியது பூமி. கோராகு எங்கே மாண்டான்? 16ஆம் அதிகாரம் நேராகச் சொல்வதில்லை. 26:10 அவனையும் பூமி விழுங்கியதாகச் சொல்கிறது. உபாகமம் 11:6 அவன் பெயரையே விட்டுவிடுகிறது. யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலும் (சன்ஹெத்ரின் 110அ) இது விவாதமாகவே இருக்கிறது. அவசரப்பட்டு முடிச்சை அவிழ்க்க வேண்டாம்.

இரு கூட்டமும் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி காட்டும் காரணம் அழகானது: பாளயத்தில் கோராகின் குலமான கோகாத்தியரும் ரூபனியரும் தென்புறத்து அண்டை வீட்டார் (2:10, 3:29).

ஆனால் ராஷி சொல்வதெல்லாம் வசனத்தில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. முழுவதும் நீலநூலால் நெய்த சால்வைக்குக் குஞ்சம் வேண்டுமா என்று கோராகு கேட்டது மித்ராஷ், அதாவது ரபிகளின் வசன விளக்க மரபு. கலகத்தில் சேர்ந்த ரூபனியனான ஓனை அவன் மனைவி காப்பாற்றியது தல்மூத். 16:1க்குப் பிறகு ஓன் பெயரே வராததால் எழுந்த கேள்விக்கு அது விடை. குறிப்பேட்டில் வசனத்துக்கு ஒரு பத்தி, மரபுரைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கோராகின் வாதத்தை அற்பமாக்கிப் படிப்பதும் தவறு. ‘சபை முழுவதும் பரிசுத்தம்’ என்ற பேச்சுக்கு யாத்திராகமம் 19:6 துணை நிற்கிறது. அதன் முழு பலத்தோடு படித்தால்தான் 16:9-10இல் மோசே தரும் பதிலின் கூர்மை புரியும்: லேவியருக்கு ஏற்கெனவே கிடைத்த பணி அற்பமா?

பூமி பிளந்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மறுநாளே மக்கள் மறுபடி முறுமுறுக்க, வாதையில் 14,700 பேர் சாகிறார்கள். 250 பேர் ஏந்தி மாண்ட அதே தூபத்தை ஆரோன் ஏந்தி, செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவே நின்று வாதையை நிறுத்துகிறான். 18ஆம் அதிகாரம் ஆசாரியர் சுமக்கும் பாரத்தைச் சொல்கிறது: பரிசுத்த ஸ்தலத்தின் குற்றம் அவர்கள் தலையில், நிலத்தில் பங்கில்லை, லேவியர்கூடத் தசமபாகத்தில் பத்தில் ஒன்றை அவர்களுக்குத் தர வேண்டும்.

கூடவே வாசிக்கப்படும் தீர்க்கதரிசிப் பகுதியையும் (1 சாமுவேல் 11:14–12:22) விடாதீர்கள். ‘ஒரு கழுதையைக்கூட எடுக்கவில்லை’ என்று மோசே 16:15இல் சொன்னதை, சாமுவேல் 12:3இல் கேள்வியாகக் கேட்கிறார். 1 நாளாகமம் 6:33-38ன்படி அவர் கோராகின் வழிவந்தவர்.