செனட்ல 60 சீட் இருந்தா என்ன நடக்கும்னு கணக்கு போடுறது எப்படி

அமெரிக்க அரசியல் நியூஸ் படிக்கும்போது யாருக்கு மெஜாரிட்டின்னு பாத்தா மட்டும் பத்தாது, 60 இருக்கான்னு பாருங்க. அமெரிக்க பார்லிமென்ட்டோட மேல்சபையான செனட்ல மொத்தம் 100 பேர், ஆனா பில்லை இழுத்தடிக்கிற ஃபிலிபஸ்டரை முடிக்க 60 ஓட்டு வேணும், அது இல்லைன்னா குறையுற ஓட்டுக்கு எதிர்க்கட்சி ஆளுங்களை தாஜா பண்ணித்தான் ஆகணும்.

60 இருந்தா? அதுல கடைசியா மசியுற ஆள் யாருன்னு தேடுங்க, பேரமே அங்கதான். 2009 ஒபாமா ஹெல்த்கேர் பில்லையே எடுத்துக்கோங்க, டெமாக்ரட் பக்கம் கரெக்டா 60, ஒருத்தர் நழுவினாலும் போச்சு, அதனால அந்தப் பக்கம் இருந்த சுயேச்சை செனட்டர் லீபர்மேன் முறுக்கிக்கிட்டதும் அரசாங்க இன்சூரன்ஸ் திட்டத்தையே தூக்கிட்டாங்க, டெமாக்ரட் செனட்டர் பென் நெல்சனோட நெப்ராஸ்கா மாநிலத்துக்கு மெடிகெய்ட்ல (ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ்) தனி சலுகை வேற (அது நாறிப்போய் அப்புறம் எடுத்தாங்க). டிசம்பர் 24 அன்னிக்கு 60-39. ரிபப்ளிகன் ஓட்டு ஒண்ணு கூட விழல, கமிட்டில ஆதரிச்ச ரிபப்ளிகன் செனட்டர் ஒலிம்பியா ஸ்னோவே எதிர்த்துட்டாங்க.

அப்புறம் அந்த 60 எவ்ளோ நாள் தாங்கும்னும் பாக்கணும். 2010 ஜனவரி மாசசூசெட்ஸ் இடைத்தேர்தல்ல ரிபப்ளிகன் ஸ்காட் பிரவுன் ஜெயிச்சதும் 59 ஆயிடுச்சு, உடனே ரிபப்ளிகன் கூட பேசினாங்கன்னு நினைக்காதீங்க, மிச்ச திருத்தத்தை சாதா மெஜாரிட்டி போதும்ங்கிற ரிகன்சிலியேஷன் ரூட்ல தள்ளி மார்ச்ல முடிச்சுட்டாங்க.