டவர் புள்ளி நாலு, நெட் மட்டும் இல்லை: 4ஜி ரௌட்டரை வைக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

மன்னார்குடிக்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். 4ஜி ரௌட்டர் ஹாலில் இரும்பு பீரோ மேல், முருகன் காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. "புள்ளி நாலு காட்டுதுடா, ஆனா யூடியூப் சுத்திக்கிட்டே இருக்கு, பேசாம வேற பிளான் போட்டுரலாமா?" என்றார். பிளான் மாற்ற வேண்டாம் சித்தப்பா, முதலில் இதை இடம் மாற்றிப் பார்ப்போம் என்று ஆரம்பித்த வேலையைத்தான் அப்படியே எழுதுகிறேன். கேபிள் வராத ஊரில் சிம் போட்ட ரௌட்டரை நம்பி இருக்கும் யாரும் ஒரு மதியத்தில் செய்துவிடலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஓடுவது இரண்டு வயர்லெஸ். டவரிலிருந்து ரௌட்டருக்கு வருவது 4ஜி அல்லது 5ஜி, ரௌட்டரிலிருந்து போனுக்கு வருவது வைஃபை. போனில் வைஃபை புள்ளி நிறைய இருப்பதற்கும் டவர் சிக்னல் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. எது மக்கர் செய்கிறது என்று பார்க்க, லேப்டாப்பை லேன் கேபிளில் ரௌட்டரோடு இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அதிலும் மெதுவாக இருந்தால் பெரும்பாலும் டவர் பக்கம்தான் கோளாறு. கேபிளில் நன்றாக வந்து போனில் மட்டும் மெதுவென்றால் வைஃபை பிரச்சினை, அதற்குக் கீழே சொல்வது எதுவும் உதவாது.

படி 1: புள்ளியை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

புள்ளிக்குப் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போடுவது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் மைனஸ் போட்ட ஒரு எண் இருக்கும் (பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்). ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்ட் டெஸ்ட் திரை வரும். ரௌட்டரிலேயே பார்க்க, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். திறக்காவிட்டால் ரௌட்டரின் அடியில் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே போனதும் அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், பாதிப் பேர் மாற்றுவதே இல்லை.

அங்கே இரண்டு எண்கள் முக்கியம். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது. மைனஸ் 85 என்றால் ஜோர், மைனஸ் 100 வரை ஓட்டலாம், மைனஸ் 110-ஐத் தாண்டினால் அவஸ்தை. எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. 20-க்கு மேல் அருமை, 13-க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் வேகம் படுத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும் ஒன்றும் புரியாது அல்லவா, அதே கதைதான். இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால் எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள்.

பீரோ மேல் இருந்தபோது சித்தப்பா வீட்டில் மைனஸ் 113, எஸ்ஐஎன்ஆர் வெறும் 1.

படி 2: ரௌட்டரோடு வீட்டைச் சுற்றுங்கள்

நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக வையுங்கள். வைத்ததும் எண்ணைப் பார்க்காதீர்கள், இரண்டு நிமிஷம் விட்டுப் பாருங்கள், அது நிலைக்கு வர நேரம் எடுக்கும். இடம், இரண்டு எண்கள், எந்த பேண்ட் (ரௌட்டர் டவரோடு பேசும் அலைவரிசை), மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட், தகர ஷீட், பீரோ, தண்ணீர்த் தொட்டி, இலை அடர்ந்த மரம் எல்லாம் எதிரிகள். கொல்லைப்பக்க ஜன்னலில் எங்களுக்கு மைனஸ் 108, புளியமரம் மறைத்தது. மாடிப்படி அறையின் கிழக்கு ஜன்னலில் மைனஸ் 94, எஸ்ஐஎன்ஆர் 14. மைனஸ் 113-லிருந்து மைனஸ் 94 என்றால் 19 டிபி (டெசிபல்) ஏற்றம், அதாவது கிட்டத்தட்ட 80 மடங்கு சக்தி. வேகம் 3 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 28-க்குப் போனது, செலவு பூஜ்யம்.

படி 3: பேண்டைக் கவனியுங்கள்

வெறும் சக்தி மட்டும் இல்லை, அங்கே பேண்டும் மாறியிருந்தது. உதாரணத்துக்கு ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ரௌட்டர் திரையில் இவை பேண்ட் 5, 3, 40 என்று வரும். 850 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் ஒற்றையடிப் பாதை, பத்துப் பேர் வந்தால் நெரிசல். 2300 நாலு வழிச் சாலை, ஆனால் சுவரைப் பார்த்தால் சுருண்டுவிடும். வீட்டுக்குள் 2300 எட்டாததால் ரௌட்டர் 850-ஐப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் 40-க்குத் தாவியது. சில ரௌட்டர்களில் பேண்ட் லாக் வசதி உண்டு. சோதிக்கப் பயன்படுத்துங்கள், ஆனால் அப்படியே பூட்டி வைக்காதீர்கள், அந்த பேண்ட் ஒருநாள் படுத்தால் நெட்டே இருக்காது.

படி 4: மேலே வைத்து, லேனைக் கீழே இறக்குங்கள்

இங்கேதான் நான் காசைத் தொலைத்தேன். வேறொரு வீட்டில் ரௌட்டரை ஹாலிலேயே வைத்துவிட்டு, கடைக்காரர் சொன்னார் என்று மொட்டை மாடியில் ஆண்டெனா மாட்டி 15 மீட்டர் மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் (டிவி டிஷ்ஷிலிருந்து வருவது மாதிரி ஒயர்) கீழே இறக்கினேன். ஆண்டெனா சம்பாதித்ததை எல்லாம் கேபிளே தின்றுவிட்டது. செய்ய வேண்டியது தலைகீழ்: ரௌட்டர் மேலே, நல்ல இடத்தில், அங்கிருந்து லேன் கேபிள் கீழே. லேன் 100 மீட்டர் வரை நஷ்டமில்லாமல் போகும். கீழே பழைய வைஃபை ரௌட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட், அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி, ஆக்கிக்கொள்ளலாம். ஏர்ஃபைபர் என்று 2023-இலிருந்து ஜியோவும் ஏர்டெல்லும் தரும் இணைப்புகளில் பெட்டியைச் சுவருக்கு வெளியிலோ மாடியிலோ மாட்டுவதும் இதற்காகத்தான். புது யோசனையும் இல்லை, ஐஐடி மெட்ராஸில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையில் இதே மாதிரி வெளியே கம்பத்தில் ஆண்டெனா மாட்டி, வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையம் பார்த்த கிராமங்கள் உண்டு.

கடையில் சிக்னல் பூஸ்டர் என்று ஒன்று காட்டுவார்கள். வேண்டாம். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம், ஊரில் மற்றவர் சிக்னலையும் கெடுக்கும்.

படி 5: ராத்திரி ஒன்பதுக்கு இன்னொரு முறை

காலை ஆறு மணி வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கும் நேரத்தில் சோதியுங்கள். எண்கள் இரண்டும் அப்படியே இருந்து வேகம் மட்டும் விழுந்தால், டவரில் கூட்டம், நீங்கள் எங்கே நகர்த்தினாலும் மாறாது. அப்போதுதான் வேறு கம்பெனி சிம்மை அதே ஜன்னலில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் ரீசார்ஜ் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கேமராவுக்கு ரௌட்டரில் வழி திறப்பது) செய்யலாம் என்று யாராவது சொன்னால், மொபைல் சிம்மில் பொதுவாக நடக்காது, ஒரே பொது ஐபியை, அதாவது இணைய முகவரியை, பலர் பகிர்கிறார்கள். கிளவுட் வழியாகப் பார்க்கும் கேமராவாக வாங்குங்கள். அப்புறம், மாடியில் வைத்திருப்பதால் ஐப்பசி இடி ஆரம்பிக்கும் முன்பே மேலே போய் ரௌட்டரின் பவரையும் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.